சுத்துற ஸ்டீரிங்ல பட்டன் வைக்கணும், வயரை எந்த வழியா இறக்குறது?

தாராபுரம்காரன் | ஞாயிறு காலை 7:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. விஷயம் எனக்கில்லை, என் மச்சானுக்கு. சின்ன வயசுல போலியோ வந்ததுல இடது கையைத் தூக்க முடியாது. வலது கையில நல்ல பலம், காலுக்கு ஒரு குறையும் இல்லை. கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கார் வச்சிருக்காப்ல. ஸ்டீரிங் வளையத்துல பவர் ஹேண்டில் மாட்டி, அதைப் பிடிச்சு ஒத்தைக் கையிலதான் திருப்புறது. லைசென்சு முறைப்படி எடுத்ததுதான்.

இப்பச் சிக்கல் என்னன்னா, திரும்புறப்ப வலது கை ஹேண்டில்லயே இருக்கோணும். இண்டிகேட்டர் குச்சி வலது பக்கம், வைப்பர் குச்சி இடது பக்கம், ஹாரன் நடுவுல. மூணுல எதைத் தொடணும்னாலும் ஹேண்டிலை விட்டாகோணும். நேரா போறப்பப் பரவாயில்லைங்க. ரவுண்டானாவுல பாதி திரும்பினப்ப ஒரு டூவீலர் குறுக்க வந்தா ஹாரன் அடிக்கக் கை கிடையாது.

அதனால ஹேண்டிலுக்குப் பக்கத்துல, கட்டை விரல் எட்டுற இடத்துல அஞ்சாறு பட்டன் வைக்கலாம்னு யோசனை. ஹாரன், ரெண்டு பக்க இண்டிகேட்டர், வைப்பர், டிம்-பிரைட். பட்டன் வைக்கிறது சுலபம். ஆனா அது சுத்துற சக்கரத்துல இருக்குது, வண்டி வயரிங் சுத்தாத பக்கம் இருக்குது. நடுவுல வயர் எப்படிப் போகும்? எங்கூரு எலக்ட்ரீசியன், பழைய டெலிபோன் ரிசீவர்ல வருமே அந்தச் சுருள் வயர், அதை ஸ்டீரிங் தண்டைச் சுத்தித் தொளதொளன்னு விட்டா போதும்கிறார். எனக்கு மனசு ஒப்பலைங்க. டிரைவர் பக்கம் ஏர்பேக் இருக்கிற வண்டி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மூன்றாம்கியர் | ஞாயிறு காலை 8:05

சுருள் வயரே போதும் ப்ரோ. ரேஸ் கார்ல அப்படி வயர் போறதை வீடியோவுல பார்த்திருக்கேன். சின்னச் செலவுல முடியிற வேலையைப் பெருசாக்காதீங்க.


கட்டை_ரிலே | ஞாயிறு காலை 10:22

ரேஸ் கார் கணக்கை இங்க கொண்டு வராதீங்க தம்பி. ஃபார்முலா ஒன் வண்டியில ஸ்டீரிங் ஒரு பக்கத்துக்கு ஒரு முழுச் சுத்துகூடப் போறதில்லை. டிரைவர் கையை எடுக்காமலே ஒடிச்சு முடிச்சிடுவார். அங்க சுருள் வயர் தாங்கும். நம்ம கார்ல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூணு, மூணரைச் சுத்து. பார்க்கிங்ல முழுசா ஒடிக்கிறப்ப அந்தச் சுருள் தண்டுல போய் இறுகும், திரும்பி வர்றப்பத் தொங்கும். தொங்கின வயர் இண்டிகேட்டர் குச்சியில மாட்டும், இல்லைன்னா சாவிக்கொத்துல மாட்டும். வயர் அறுந்தா நஷ்டம் வயருக்கு மட்டும். அறுகாம ஸ்டீரிங்கைப் பிடிச்சு நிறுத்திட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. தாராபுரம் நண்பர் மனசு ஒப்பாதது சரிதான்.

இந்த வேலைக்குன்னே வண்டியில ஒரு சாமான் ஏற்கெனவே இருக்கு. கிளாக் ஸ்பிரிங். கம்பெனிப் புத்தகத்துல சிலது ஸ்பைரல் கேபிள்னு போட்டிருக்கும், எங்க பட்டறையில பசங்க ஏர்பேக் காயில்னுதான் கேட்பாங்க. ஸ்டீரிங்கைக் கழட்டினா காம்பினேஷன் சுவிட்சு (இண்டிகேட்டர், வைப்பர் குச்சி வர்ற சாமான்) மேல வட்டமா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா உட்கார்ந்திருக்கும், அதுதான்.

கெட்டுப்போன ஒண்ணு கிடைச்சா கத்தியால கிளிப்பை நெம்பித் திறந்து பாருங்க, உங்க கேள்விக்குப் பதில் உள்ளேயே இருக்கும். கால் மில்லிமீட்டர் கனம்கூட வராத ஒரு தட்டை நாடா. ரெண்டு பாலியெஸ்டர் படலத்துக்கு நடுவுல செம்புப் பட்டைகள் வரிசையா ஓடும். வெளி முனை டப்பாச் சுவர்ல, அதாவது நிக்கிற பக்கத்துல கட்டியிருக்கும். உள் முனை நடுக் குடத்துல, ஸ்டீரிங்கோட சுத்துற பக்கத்துல. இடையில நாடா தளர்வாச் சுருண்டு கிடக்கும். ஒரு பக்கம் திருப்பினா குடத்தோட இறுகிச் சுத்திக்கும். மறு பக்கம் திருப்பினா பிரிஞ்சு வெளிச்சுவர்ல போய் அணையும். நாடா இழுபடறதில்லை, முறுக்கிக்கிறதும் இல்லை. சுருளும், விரியும், அவ்வளவுதான். சிலதுல நாடா பாதி வழியில யூ-டர்ன் அடிச்சு எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கும், நடுவுல குட்டி உருளைங்க இருக்கும். அதுல குறைஞ்ச நீள நாடாவிலேயே வேலை முடியுது.

நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ரெண்டரைச் சுத்து வரை தாங்குறதுதான் அதிகம் வருது. வண்டிக்குத் தேவை ஒண்ணே முக்கால். மிச்சம் கைக்காவல். அந்தக் கைக்காவலைத்தான் நம்ம ஆளுங்க அவசரத்துல தின்னுடறாங்க, அதை அப்புறம் சொல்றேன்.


தாராபுரம்காரன் | ஞாயிறு பகல் 12:10

ரொம்ப நன்றிங்கண்ணா. அப்படின்னா அந்த டப்பாவைத் திறந்து, நாடாவோட சேர்த்து மெல்லிசா ரெண்டு வயரை ஒட்டி விட்டா ஆகாதுங்களா?


கட்டை_ரிலே | ஞாயிறு பகல் 12:31

ஆகாது. சொல்லவே கூடாது! நாடா ஒரே சீரா வளையுறதாலதான் வருஷக்கணக்கா உழைக்குது. ஒரு இடத்துல தடிமன் ஏறினா அங்கேயே மடியும், மடிஞ்ச இடத்துல செம்பு விடும். அதே நாடாவுலதான் ஏர்பேக்கோட ரெண்டு தடமும் போகுது. ஹாரனுக்காக ஏர்பேக்கை அடகு வைக்காதீங்க.

சரியான வழி வேற. உங்க வண்டியோட மேல் வேரியண்ட்ல ஸ்டீரிங்லயே ஆடியோ பட்டன் வருதான்னு பாருங்க. வந்தா, அதோட கிளாக் ஸ்பிரிங்ல ஏர்பேக், ஹாரன் போக இன்னும் சில தடம் இருக்கும். பல மாடல்ல வெளி அளவு ஒண்ணுதான், கனெக்டர்ல பின் எண்ணிக்கைதான் வேற. பார்ட் நம்பரை வச்சு ஒத்துப் பார்த்து வாங்குங்க. பழைய இரும்புக்கடைச் சாமான் வேண்டாம். ஏர்பேக் விரிஞ்ச வண்டியில இருந்து எடுத்ததா இருக்கும்.


மூன்றாம்கியர் | ஞாயிறு பகல் 1:15

ஒத்துக்கிறேன், சுருள் வயர் சரிப்படாது. ஆனா ஒரு சந்தேகம். ஸ்லிப் ரிங், அதான் சுத்துற வளையத்துல கார்பன் உரசிக் கரண்ட் போற வகை, அதைப் போட்டா எத்தனை சுத்து வேணாலும் சுத்தலாமே? என் தாத்தாவோட பழைய கார்ல ஹாரனுக்குப் பித்தளை வளையமும் கார்பனும்தான். எதுக்கு இந்த நாடா வித்தை?


ஓம்விதி | ஞாயிறு மாலை 4:48

நல்ல கேள்வி. ஹாரனுக்கு வளையமும் கார்பனும் தாராளமாப் போதும். ஸ்டீரிங் வழியா ஓடுறது ஹாரனோட முழுக் கரண்ட் இல்லை, ஹாரன் ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்சு) காயிலோட கரண்ட் மட்டும்தான். உரசுற இடத்துல ஒரு ஓம், ரெண்டு ஓம் கூடினாலும் குறைஞ்சாலும் ரிலேவுக்குக் கவலை இல்லை.

ஏர்பேக் அப்படி இல்லை. அதைப் பற்ற வைக்கிற ஸ்குவிப்போட தடையே ஏறக்குறைய 2 ஓம்தான். ஏர்பேக் கம்ப்யூட்டர் மில்லி ஆம்பியர் கணக்குல ஒரு சின்னக் கரண்டை அனுப்பி, சர்க்யூட் முழுசா இருக்கான்னு இக்னிஷன் போட்டதிலிருந்து பார்த்துக்கிட்டே இருக்கும். உரசுற காண்டாக்ட்ல அழுக்கு சேர்ந்து அந்த 2 ஓம் 4 ஓம் ஆனா உடனே டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு. விபத்து நேரத்துல இன்னும் மோசம். இப்போதைய ஸ்குவிப்புக்கு 1.2 ஆம்பியர் அளவு கரண்ட் 2 மில்லிசெகண்டுக்குத் தவறாமக் கிடைக்கணும். அந்த ரெண்டு மில்லிசெகண்ட்ல கார்பன் துள்ளிடுச்சுன்னா பை விரியாது. அதனாலதான் சுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தாலும் பரவாயில்லை, உரசல் கூடாதுன்னு நாடாவுக்குப் போனாங்க. மெர்சிடஸ் 1981 வாக்குல எஸ் கிளாஸ்ல ஏர்பேக் கொடுக்க ஆரம்பிச்சது. நம்ம நாட்டுல 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதுக்கப்புறம் கிளாக் ஸ்பிரிங் இல்லாத புதுக் காரே கிடையாதுன்னு சொல்லலாம்.

இன்னொண்ணு. தனியா விக்கிற சின்ன ஸ்லிப் ரிங் எல்லாம் தண்டோட முனையில உட்காரும். ஸ்டீரிங்ல அந்த முனையில நட்டும் ஏர்பேக்கும் இருக்கு. நடுவுல ஓட்டை உள்ள பெரிய சைஸ் ஸ்லிப் ரிங்கும் விக்குது, ஆனா அதுக்கு இடம் வேணும்னா கிளாக் ஸ்பிரிங்கைத்தான் தூக்கணும்.


பழையவண்டி_பித்தன் | ஞாயிறு இரவு 9:02

ஹாரன் வளையம்னு பேச்சு வந்ததும் சும்மா இருக்க முடியலை. ரப்பர் கப்ளிங் உள்ள பழைய ஸ்டீரிங்ல திடீர்னு ஹாரன் நின்னு போனா எல்லாரும் கார்பனைத்தான் மாத்துவாங்க. பல நேரம் கோளாறு அங்க இல்லை. ஹாரன் பட்டனோட எர்த், ஸ்டீரிங் தண்டு வழியாத்தான் பாடிக்கு வரணும். கீழே ரப்பர் கப்ளிங் அந்த வழியை மறிக்கும். அதைத் தாண்ட ஒரு பின்னல் வயர் போட்டிருப்பாங்க. அது துருப்பிடிச்சு அறுந்திருக்கும். ஒரு ஜம்பர் வயரை வச்சுத் தொட்டா ஊரே எழுந்துக்கும்.

இதுக்கும் முன்னாடி, 1930கள், 40கள்ல வந்த பிரிட்டிஷ் கார்கள்ல வேற ஒரு வழி வச்சிருந்தாங்க. எனக்கு அதுதான் அழகு. ஸ்டீரிங் தண்டு குழாய். அதுக்குள்ள இன்னொரு மெல்லிசான குழாய், சுத்தாம நிக்கும். அது மேலே ஸ்டீரிங் நடுவுல இருக்கிற சுவிட்ச் தலையைத் தாங்கும், கீழே ஸ்டீரிங் பாக்ஸையும் துளைச்சுக்கிட்டு வெளியே வரும். ஹாரன் வயர், கை நீட்டுற அந்தக் கால டிராஃபிகேட்டர் வயர் எல்லாம் அந்தக் குழாய்க்குள்ள இறங்கி, பாக்ஸுக்கு அடியில வெளியே வந்துடும். சக்கரம் சுத்தும், நடுத்தலை அசையாது. வயர் சுத்தவே வேண்டியதில்லை! என்ன, அடியில சீல் சரியில்லைன்னா பாக்ஸ் எண்ணெய் அந்தக் குழாயைச் சுத்திச் சொட்டிக்கிட்டே இருக்கும்.

நடுவை நிறுத்தி வைக்கிற ஆசை அதோட விடலை. 1958 ஃபோர்டு எட்செல்ல கியர் மாத்துற பட்டனையே ஸ்டீரிங் நடுவுல வச்சாங்க, டெலிடச்னு பேரு. சக்கரம் திரும்பினாலும் பட்டன் நேரா நிக்கிறதுக்கு உள்ளே கிரக கியர் அமைப்பு. ஓட்டுறவங்க ஹாரன்னு நினைச்சுக் கியர் பட்டனை அமுக்கின கதையெல்லாம் உண்டு. அடுத்த வருஷ மாடல்ல அது போயிடுச்சு. 2004-ல சிட்ரோன் சி4 வந்தப்ப திரும்பவும் நிக்கிற நடு, சுத்துற வளையம். ஏர்பேக்கும் பட்டன்களும் நடுவுல அசையாம இருக்கும்.


மூன்றாம்கியர் | ஞாயிறு இரவு 9:30

அந்தக் குழாய் யோசனையை இப்ப ஏன் விட்டாங்க?


பழையவண்டி_பித்தன் | ஞாயிறு இரவு 9:41

அந்தக் காலத்துல தண்டு ஸ்டீரிங்கிலிருந்து பாக்ஸ் வரை நேர் கோடு. மோதினா நெஞ்சுல குத்துறதும் அதே நேர் கோடுதான். இப்பத் தண்டு நடுவுல யூனிவர்சல் ஜாயிண்ட் (தண்டை வளைச்சுத் திருப்ப விடுற மூட்டு) ரெண்டு இருக்கு, மோதினா மடங்குற அமைப்பு இருக்கு. குழாய் நேரா போக வழியில்லை.


வடலிமரம் | திங்கள் அதிகாலை 3:17

இஞ்ச கனடாவில இருந்து ஒரு குறிப்பு. எங்கட குளிருக்கு ஸ்ரியரிங் வளையத்துக்குள்ள ஹீற்றர் வாற கார்கள் கனக்க. அதுக்கும் கரண்ட் அந்த நாடாவாலதான் போகுது, ஆனா அதுக்கெண்டு அகலமான தடம் தனியா விட்டிருப்பினம். ஓடியோ பட்டன் தடத்தில பெரிய கரண்ட் விடலாம் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம், சூடாகி உருகிப் போகும்.

நாடா பெரிய கொம்பனிக்கும் தலையிடி குடுத்த சாமான்தான். 2014 ஏப்ரலில டொயோட்டா உலகம் முழுக்கத் திருப்பிக் கூப்பிட்ட வாகனங்களில ஏறத்தாழ 35 லட்சம் இந்த ஸ்பைரல் கேபிளுக்காகத்தான். இந்தியாவில 2005 தொடக்கம் 2008 வரை செய்த இன்னோவா கிட்டத்தட்ட 45 ஆயிரமும் அதில வந்தது. அடுத்த வருசம் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில நாலு லட்சத்துக்கு மேல கூப்பிட்டது. கிளாக் ஸ்பிரிங்குக்குள்ள தூசு துரும்பு போய் நாடாவைக் கிழிக்குதெண்டு. அதால டப்பாவைத் திறந்து மூடுற வேலைக்கு நானும் எதிர்.


ஓம்விதி | திங்கள் காலை 7:55

சரி, தாராபுரம் நண்பரோட கேள்விக்கு வருவோம். மேல் வேரியண்ட் கிளாக் ஸ்பிரிங் வாங்கினா, ஆடியோவுக்குன்னு ரெண்டு மூணு தடம் கிடைக்கும். பட்டன் அஞ்சு. ஒரு பட்டனுக்கு ஒரு வயர்னு போட்டா பத்தாது. கம்பெனிக்காரங்க என்ன செய்யிறாங்களோ அதையே செய்யலாம், ரெசிஸ்டர் ஏணி.

ரெண்டே தடம். ஒண்ணு எர்த், இன்னொண்ணு சிக்னல். டேஷ்போர்டு பக்கம் ஒரு சின்ன மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு. அதுல 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாச் சிக்னல் தடத்துக்கு ஊட்டுங்க. ஸ்டீரிங் பக்கம் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர், அமுக்கினா சிக்னலை எர்த்தோட சேர்க்கும். 150 ஓம், 390, 820, 1.8 கிலோ, 4.7 கிலோ. இது போக 15 கிலோ ஓம் ஒண்ணு எப்பவும் தொட்டுக்கிட்டே இருக்கணும். அமுக்கும்போது போர்டுக்குத் தெரியிற வோல்ட் வரிசையா 0.65, 1.4, 2.2, 3.1, 3.9. எதையும் அமுக்கலைன்னா 4.7. வோல்ட்டைப் பார்த்து எந்தப் பட்டன்னு போர்டு கண்டுபிடிச்சுக்கும்.

அந்த 15 கிலோ எதுக்குன்னு கேட்பீங்க. அது இல்லைன்னா சும்மா இருக்கிறப்பவும் 5 வோல்ட், வயர் அறுந்தாலும் 5 வோல்ட், வித்தியாசம் தெரியாது. இது இருந்தா 5 வோல்ட்னா அறுந்துடுச்சு, 0 வோல்ட்னா வயர் நசுங்கி எர்த்தாயிடுச்சு, ரெண்டுக்கும் போர்டு எதையும் இயக்காம ஒரு பஸ்ஸர் அடிச்சா போதும். சும்மா போற வண்டியில தானா இண்டிகேட்டர் போடக்கூடாது இல்லையா. வோல்ட் 50 மில்லிசெகண்ட் அசையாம நின்னாத்தான் பட்டன்னு எடுத்துக்கணும்.

ஹாரனை மட்டும் இந்த ஏணியில ஏத்தாதீங்க. ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கினா ஏணி குழம்பும். ஹாரன் குழம்பக் கூடாத சாமான்.

போர்டோட வெளியீட்டுல ரிலே போட்டு, இண்டிகேட்டர் குச்சியோட வயருக்கு இணையாக் கொடுக்கணும். புது வண்டியில குச்சியிலிருந்து பாடி கம்ப்யூட்டருக்கு வெறும் சிக்னல்தான் போகும், சிலதுல அதுவே ஏணியா இருக்கும். வயரிங் படம் பார்க்காமத் தொட வேண்டாம்.


தாராபுரம்காரன் | திங்கள் காலை 9:20

ஓம்விதி சார், படிக்கப் படிக்க ஆசையா இருக்குதுங்க. எங்கூட்டுப் பையன் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ், அவன்கிட்ட போர்டு வேலையைக் கொடுத்துடறேன். கட்டை ரிலே அண்ணா, கிளாக் ஸ்பிரிங் மாத்துறதுல கவனிக்க வேண்டியதைக் கொஞ்சம் சொல்லுங்கண்ணா. எலக்ட்ரீசியன்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டிடறேன்.


கட்டை_ரிலே | திங்கள் பகல் 2:06

படிச்சுக் காட்டினா மட்டும் பத்தாது, ஏர்பேக் வேலை பழக்கம் உள்ளவரா இருக்கணும். இல்லைன்னா கம்பெனி சர்வீஸ்லயே அந்த ஒரு வேலையைச் செஞ்சுக்குங்க.

முன் சக்கரம் நேரா நிக்கணும். பேட்டரி மைனஸைக் கழட்டி ஒதுக்கிக் கட்டணும். உடனே கை வைக்கக் கூடாது, ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள்ள கெப்பாசிட்டர்ல சரக்கு இருக்கும். டொயோட்டா புத்தகத்துல 90 செகண்ட்னு போட்டிருக்கும். நான் டீ குடிச்சுட்டு வந்துதான் தொடுவேன். ஏர்பேக்கை எடுத்தா முகம் மேலே பார்க்க, தனியா ஒரு இடத்துல வைக்கணும். கவிழ்த்து வச்சு, எதிர்பாராம வெடிச்சா அது குண்டு மாதிரி எகிறும். ஏர்பேக்கோட மஞ்சக் கனெக்டர்ல டெஸ்ட் லாம்ப், மல்ட்டி மீட்டர் எதுவும் கிட்ட வரக்கூடாது. மீட்டரோட கரண்டே ஆபத்து. சோதிக்கணும்னா ஏர்பேக் இடத்துல 2 ஓம் ரெசிஸ்டரைப் போட்டுப் பார்ப்பாங்க.

நட்டை முழுசாக் கழட்டாம நாலு திரெட் விட்டு, அப்புறம் ஸ்டீரிங்கை அசைச்சு இழுக்கணும். முழுசாக் கழட்டிட்டு இழுத்தா மூக்கு உடையும். கழட்டுறதுக்கு முன்னாடி தண்டுலயும் ஸ்டீரிங்லயும் ஒரு கோடு போட்டுக்குங்க.

புது கிளாக் ஸ்பிரிங் நடுவுல நிறுத்தி, பூட்டு முள்ளோ ஸ்டிக்கரோ போட்டுத்தான் வரும். மாட்டி முடிக்கிற வரை அதை எடுக்காதீங்க. யாராவது விளையாட்டாச் சுத்திட்டா, மெதுவா ஒரு பக்கம் இறுகுற வரை சுத்தணும், பலம் போடக்கூடாது, அங்கிருந்து எதிர்ப்பக்கம் புத்தகத்துல சொன்ன சுத்து வந்து குறியை நேர் பண்ணணும். நடு தப்பினா ஒரு பக்கம் நல்லாத் திரும்பும், மறு பக்கம் முழுசா ஒடிக்கிற அன்னைக்கு 'டொப்'னு ஒரு சத்தம், ஹாரன் போச்சு, ஏர்பேக் விளக்கு வந்துச்சு.

கைக்காவலைத் தின்னுடறாங்கன்னு சொன்னேனே, அது இதுதான். பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங் சாகுறது ஸ்டீரிங் வேலையில இல்லை, ரேக் (கீழே முன் சக்கரத்தைத் திருப்புற அமைப்பு) வேலையில. கீழே தண்டைக் கழட்டிட்டா மேலே ஸ்டீரிங்குக்குக் கடைசியே கிடையாது. சீட்ல உட்கார்ந்த பையன் சும்மா நாலு சுத்து சுத்துவான். வண்டி வெளியே போறப்ப நாடா போயிருக்கும். ரேக் இறக்குறப்ப சீட் பெல்ட்டை ஸ்டீரிங் வழியா விட்டுப் பூட்டிடணும்.

ஈஎஸ்பி (வண்டி சறுக்காமப் பார்த்துக்கிற அமைப்பு) உள்ள வண்டின்னா ஸ்டீரிங் ஆங்கிள் சென்சர் அந்த டப்பாவோடயே இருக்கலாம், ஸ்கேனர் போட்டு ஜீரோ பண்ணணும். 'சரசர'ன்னு சத்தம் வந்தா எண்ணெய், கிரீஸ் விடாதீங்க, தூசு ஒட்டிக்கும்.


நெறியாளர் | திங்கள் மாலை 5:30

நல்ல இழை, ஒரு குறிப்பு மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில செய்யிற மாற்றங்களைப் பற்றியது. 2019 திருத்தத்துல மாற்றுத்திறனாளிக்காக மாற்றின வண்டியை 'அடாப்டட் வெஹிக்கிள்'னு தனியா வரையறுத்திருக்காங்க. ஏற்கெனவே மாற்றம் பதிஞ்ச வண்டியா இருந்தாலும், புதுசாச் சேர்க்கிறதை ஆர்டிஓ அலுவலகத்துலயும் இன்சூரன்ஸ்லயும் சொல்லி எழுத்துல வாங்கிடுங்க.


ஒருகை_ஓட்டம் | திங்கள் இரவு 10:48

தாமதமா வர்றேன். எனக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது, இடது கையில ஓட்டுறேன். இழையை முழுசாப் படிச்சேன். எல்லாரும் வயரை எப்படித் தாண்ட வைக்கிறதுன்னே பேசுறீங்க. எதெது தாண்டணும்னு யாரும் கேட்கலை.

முதல்ல என் அனுபவம். நான் ஹேண்டில்ல பட்டன் உள்ள ரேடியோ வகை போட்டிருந்தேன், வயரே கிடையாது. இண்டிகேட்டர், வைப்பருக்கு நல்லாவே இருந்துச்சு. ஹாரனுக்குத்தான் பிடிக்கலை. அமுக்கினதுக்கும் அடிக்கிறதுக்கும் நடுவுல ஒரு துளி தாமதம். பட்டன் செல் இறங்குற நேரத்துல ஒரு தடவை அடிக்கும், ஒரு தடவை அடிக்காது. ஹாரனை மட்டும் வயர்ல மாத்திக்கிட்டேன்.

எப்படின்னு கேளுங்க. ஹாரன் வயர் ஏற்கெனவே கிளாக் ஸ்பிரிங் வழியா மேலே ஸ்டீரிங்குக்கு வந்தாச்சு. ஹேண்டிலும் ஸ்டீரிங்கோடதான் சுத்துது. ஹேண்டில்ல ஒரு மைக்ரோ சுவிட்சு, அதிலிருந்து ரெண்டு வயர் ஸ்டீரிங் ஆரத்துக்குப் (ஸ்போக்) பின்னாடி ஓடி, ஹாரன் சுவிட்சுக்கு இணையாச் சேருது. ரெண்டு முனையும் ஒண்ணாச் சுத்துற பக்கத்துலயே இருக்கு. புதுசா எதுவும் தாண்ட வேண்டியதில்லை. இருக்கிற கிளாக் ஸ்பிரிங்கே போதும்.

மத்த பட்டனுக்கு ஒரு கேள்வி. மச்சானுக்கு இடது கை தூக்க முடியாதுன்னீங்க. விரல் அசையுமா?


தாராபுரம்காரன் | செவ்வாய் காலை 6:50

அசையுமுங்க. தோள்லதான் பலம் இல்லை. கையைத் தொடை மேலயோ ஆர்ம்ரெஸ்ட் மேலயோ வச்சுக்கிட்டாப் போன்ல டைப் அடிக்கிறாப்ல.


ஒருகை_ஓட்டம் | செவ்வாய் காலை 7:12

அப்புறம் என்ன சார்! நடு ஆர்ம்ரெஸ்ட் மேல நாலு மென்மையான பட்டன். சுத்தாத இடம், சுத்தாத வயர். வலது கை ஹேண்டிலை விடவே வேண்டாம், ஸ்டீரிங் எந்தக் கோணத்துல இருந்தாலும் பட்டன் அதே இடத்துல இருக்கும். ஸ்டீரிங்ல பட்டன் வச்சவனுக்குத்தான் தெரியும், அரைச் சுத்து திருப்பினதும் இடது எது வலது எதுன்னு குழம்புறது. இடது இண்டிகேட்டர் பட்டன் வலது பக்கம் வந்து நிக்கும்.

ஏஎம்டியில இடது காலும் சும்மாதான் இருக்கு. டிம்-பிரைட்டைக் காலுக்குக் கொடுக்கலாம்.


பழையவண்டி_பித்தன் | செவ்வாய் காலை 8:33

பழைய அம்பாசடர்ல டிம்-பிரைட் காலுக்குக் கீழேதான் இருந்துச்சு, கிளட்சுக்கு இடது பக்கம் தரையில குமிழ். அந்தச் சுவிட்சு இன்னும் கடையில கிடைக்குது. ஆனா அது ஹெட்லைட் கரண்டையே நேரா மாத்துற வகை, ஒரு தடவை அமுக்கினா நின்னுக்கும். உங்க வண்டிக்கு விட்டா திரும்புற வகைச் சுவிட்சு வாங்கி ரிலே வழியாப் போடுங்க.


ஓம்விதி | செவ்வாய் காலை 9:15

ஒருகை நண்பர் சொன்னதை ஒத்துக்கிறேன். அழகா ஏணி கட்டினேன், ஏற ஆள் இல்லாமப் போச்சு. ஆர்ம்ரெஸ்ட்னா பட்டனுக்கு ஒரு வயர் தாராளமாக் கொடுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போச்சு. குச்சியில இண்டிகேட்டர் போட்டா, ஸ்டீரிங் திரும்பி வர்றப்பத் தட்டிவிட்டு அணைக்கும். பட்டன்ல அது கிடையாது. பையன் எழுதுற புரோகிராம்ல, ஒரு தடவை அமுக்கினா ஆன், திரும்ப அமுக்கினா ஆஃப், 30 செகண்ட் தாண்டினா பஸ்ஸர்னு வச்சுக்கச் சொல்லுங்க. தானா அணைக்க வேண்டாம். சிக்னல்ல நின்னு காத்திருக்கிறப்ப அணைஞ்சுட்டா பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது.


தாராபுரம்காரன் | செவ்வாய் காலை 9:58

மச்சானுக்குப் போன் போட்டு ஆர்ம்ரெஸ்ட் கதையைச் சொன்னேனுங்க. "அட, இதைத்தான நான் மொதல்லயே கேட்டேன், நீங்கதான் ஸ்டீரிங் ஸ்டீரிங்னு நின்னீங்க"ங்கிறாப்ல! எலக்ட்ரீசியன்கிட்டச் சுருள் வயரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியாச்சு. ஹாரன் வயரை ஆரத்துக்குப் பின்னாடி கொண்டு போறப்ப ஏர்பேக் மூடிகிட்ட எவ்வளவு தள்ளிப் போகோணும்?


கட்டை_ரிலே | செவ்வாய் பகல் 11:20

மூடி கிழிஞ்சு திறக்கிற பாதையில வயரோ கட்டோ எதுவும் குறுக்க வரக்கூடாது. ஆரத்தோட பின் பிளாஸ்டிக்கைக் கழட்டினா உள்ளே ஆடியோ வயருக்குன்னு வார்ப்புலயே பள்ளம் விட்டிருப்பாங்க, பட்டன் வராத வேரியண்ட்லயும் பல வண்டியில அது இருக்கும். அதுல படுக்க வைங்க, துணி டேப் சுத்துங்க, இல்லைன்னா வண்டி ஓடுறப்பக் கடகடன்னு சத்தம் வரும். ஹாரன் சுவிட்சு வயர்லதான் சேர்க்கணும், மஞ்சக் கனெக்டர் பக்கம் போகவே வேண்டாம். ஹேண்டில் மாட்டுற கிளாம்ப் போல்ட்டுக்கும் வயருக்கும் நடுவுல ஒரு ரப்பர் வாஷர் வைங்க. அந்த இடத்துலதான் முதல்ல நசுங்கும், நசுங்கினா ஹாரன் நிக்காம அடிக்கும்.